சூரிய வெளிச்சத்துக்குக் கணக்கு எழுதிய சென்னை மாணவர்

இந்தக் காலாண்டிதழில் விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன். நோபல் பரிசு வாங்கியவர், சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன் என்ற அளவில் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் சந்திரசேகர் எல்லை என்பார்கள். அவர் செய்த இன்னொரு கணக்கு அதிகம் பேசப்படுவதில்லை. காலையில் நம் பால்கனியில் விழும் வெயில் எந்த அணுவிலிருந்து வருகிறது என்பதற்கான கணக்கு அது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. நான் பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே சமன்பாடு எதுவும் வராது, தைரியமாகப் படிக்கலாம்.

தணிக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் தேதி லாகூரில் பிறந்தார். தந்தை சி. சுப்பிரமணிய ஐயர் அப்போது அங்கே ரயில்வே தணிக்கைத் துறையில் உயர் அதிகாரி. ஆடிட் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும் என் போன்றவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் மேல் தனி மரியாதை வரும். சித்தப்பா ராமனும் முதலில் கல்கத்தாவில் அரசின் நிதித்துறையில் கணக்கு அதிகாரியாக இருந்தவர்தான். அந்த வேலையை விட்டுவிட்டு 1917இல் பேராசிரியர் ஆனார்.

தாயார் சீதாலட்சுமி புத்தகப் பிரியர். நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பத்துப் பிள்ளைகளில் சந்திரசேகர் மூன்றாமவர், ஆண் பிள்ளைகளில் மூத்தவர். 1918இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. பன்னிரண்டு வயது வரை வீட்டிலேயே பாடம். பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, அதன் பிறகு 1925இல் மாநிலக் கல்லூரி.

மகன் ஐ.சி.எஸ். எழுதி அரசு அதிகாரியாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்கோ கணிதத்தின் மேல் ஆசை. கடைசியில் இருவருக்கும் பொதுவாக இயற்பியல் ஆனர்ஸ் என்று முடிவானது. இயற்பியலில் பெயரைப் பதிவு செய்துகொண்டு, கணித வகுப்புகளிலும் போய் உட்காருவார். ஆராய்ச்சியாளன் ஆகவேண்டும் என்ற அவர் எண்ணத்துக்கு வீட்டில் துணை நின்றவர் தாயார்.

படித்தது பழசாகிப்போன நாள்

அந்தக் காலத்தில் அணுவைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் தேடிப் பிடித்த புத்தகம், ஜெர்மனியின் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு எழுதிய அணு அமைப்பும் நிறமாலைக் கோடுகளும் பற்றிய நூல். கல்லூரிப் பாடத்தில் இல்லாத அந்தப் புத்தகத்தைச் சந்திரசேகர் தானாகவே படித்து முடித்திருந்தார். 1928இல் சோமர்ஃபெல்டே இந்தியச் சுற்றுப்பயணத்தில் சென்னைக்கு வந்தார். சந்திரசேகருக்கு அப்போது ஏறக்குறைய 18 வயது. அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே நேராகப் போய்ப் பார்த்தார்.

புத்தகத்தை முழுவதும் படித்திருக்கிறேன் என்று பெருமையோடு போன பையனுக்குக் கிடைத்தது ஏமாற்றம். அந்தப் புத்தகம் வந்தபிறகு அணு இயற்பியலே மாறிவிட்டது என்று சோமர்ஃபெல்டு விளக்கினார். ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக், பௌலி ஆகியோர் இரண்டு மூன்று வருடங்களுக்குள் குவாண்டம் இயக்கவியல் என்ற புதிய அடித்தளத்தையே போட்டுவிட்டார்கள். உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது பற்றித் தான் எழுதி இன்னும் அச்சேறாத கட்டுரையின் அச்சுப்படிகளையும் அவர் அந்தப் பையனிடம் கொடுத்தார்.

வேறு யாராக இருந்தாலும் மனம் சோர்ந்திருப்பார்கள். சந்திரசேகர் அந்த அச்சுப்படிகளை வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். சில மாதங்களில் புதிய முறையைப் பயன்படுத்தி ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபவுலருக்கு அனுப்பினார். 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அது வெளிவந்தது. எழுதியவர் இன்னும் பட்டம் கூட வாங்கவில்லை.

ஒற்றை எலெக்ட்ரான் வீடு

இந்தப் புதிய இயற்பியலில் அப்படி என்ன இருந்தது? எல்லாவற்றிலும் எளிய அணுவான ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு புரோட்டான், வெளியே ஒரே ஒரு எலெக்ட்ரான். சூரியனைக் கோள்கள் சுற்றுவது போல எலெக்ட்ரான் பாதை போட்டுச் சுற்றுகிறது என்றுதான் பழைய பாடம் சொன்னது. 1926இல் ஷ்ரோடிங்கர் அதை மாற்றினார். எலெக்ட்ரானுக்குப் பாதை கிடையாது. அது எந்த இடத்தில் எவ்வளவு அகப்பட வாய்ப்பு உண்டு என்பதை மட்டுமே சொல்ல முடியும். அதைச் சொல்லும் கணக்குக்கு அலைச் சார்பு என்று பெயர். ஒரு புகைமூட்டம் போல நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அடர்த்தி, வெளியே போகப் போக மெலிவு. மூட்டம் எங்கும் சட்டென்று முடிவதில்லை, தேய்ந்துகொண்டே போகும்.

இந்த எலெக்ட்ரானின் ஆற்றலும் இஷ்டப்படி இருக்க முடியாது. நம் பிளாக்கில் லிஃப்ட் தளங்களில் மட்டும் நிற்பது போல, எலெக்ட்ரானுக்கும் சில நிலைகள் மட்டுமே உண்டு. தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு ஏற 10.2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். கட்டடத்தை விட்டே வெளியேற வேண்டுமானால் 13.6. மேலே போகப் போக மாடிகளின் இடைவெளி குறைந்துகொண்டே வரும். இந்த எண்களைப் பின்னால் பார்க்கப் போகிறோம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எலெக்ட்ரான் மட்டுமே உள்ள அணுவுக்கு இந்தக் கணக்கு மிச்சம் மீதியில்லாமல் டாலி ஆகும். இரண்டாவது எலெக்ட்ரான் வந்துவிட்டால் ஆகாது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். ஒன்று இருக்கும் இடம் மற்றதைப் பாதிக்கும். துல்லியமான விடையை ஒரே சூத்திரமாக எழுத முடியாது. படிப்படியாகத் தோராயமாகத்தான் நெருங்க முடியும்.

கப்பலும் கசப்பும்

1930இல் அரசு உதவித்தொகை பெற்று சந்திரசேகர் கேம்பிரிட்ஜ் புறப்பட்டார். தாயாருக்கு அப்போது உடல்நலம் மோசமாக இருந்தது. ஆனாலும் மகன் போயே ஆகவேண்டும் என்று அந்த அம்மாள் உறுதியாக நின்றார். 1931இல் அவர் காலமானபோது மகன் கடல் கடந்து இருந்தார். திரும்பி வந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

பம்பாயிலிருந்து கப்பல் கிளம்பியது ஜூலை 31ஆம் தேதி. அந்தப் பயணத்தில்தான் அவர் புகழ்பெற்ற எல்லைக் கணக்கைத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி, மிக அடர்த்தியான சிறு விண்மீனாக அடங்கும். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் கொடுக்கும் அழுத்தமே அதைத் தாங்கி நிற்கிறது. ஆனால் எடை ஓர் அளவைத் தாண்டினால் அந்த அழுத்தம் போதாது, விண்மீன் மேலும் சரிந்துகொண்டே போகும் என்று கணக்கு காட்டியது. அந்த எல்லை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு.

1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் தேதி லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் இதை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் அன்றைய வானியலில் மிகப் பெரிய பெயரான ஆர்தர் எடிங்டன். இயற்கை ஒரு விண்மீனை அப்படிக் கேலிக்கூத்தாக நடந்துகொள்ள விடாது என்ற பொருளில் எல்லோர் முன்னிலையிலும் பரிகாசம் செய்தார். கணக்கு சரிதான் என்று தனியே ஒப்புக்கொண்ட பெரிய இயற்பியலாளர்கள் கூட வெளியில் வந்து சொல்ல முன்வரவில்லை. சந்திரசேகருக்கு அப்போது வயது 24.

சண்டையை வருடக் கணக்கில் இழுக்க அவர் விரும்பவில்லை. தெரிந்ததையெல்லாம் 1939இல் ஒரு முழு நூலாக எழுதிவிட்டு, அந்தப் பேரேட்டை மூடிவைத்து, அடுத்த துறைக்குப் போனார். எடிங்டன் மீது வன்மமும் வைத்துக்கொள்ளவில்லை. 1944இல் எடிங்டன் மறைந்தபோது சிகாகோவில் அவரைப் போற்றி இரங்கல் உரை ஆற்றியவர் சந்திரசேகர்தான்.

இதற்கிடையே 1936 செப்டம்பரில் சென்னையில் லலிதாவை மணந்தார். மாநிலக் கல்லூரியில் ஒரு வருடம் பின்னால் இயற்பியல் படித்தவர் அவர். 1937இல் இருவரும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் குடியேறினார்கள். தோல் நிறத்தைக் காரணம் காட்டி அவர் பல்கலைக்கழக வளாகத்தில் பாடம் எடுப்பதற்கு எதிர்ப்பு வந்தது. பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அந்த எதிர்ப்பை நிராகரித்து அவரை வகுப்பு எடுக்கச் செய்தார்.

சூரியனில் ஒரு புதிர்

இப்போது வெயிலுக்கு வருவோம். சூரியனில் உள்ள அணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஹைட்ரஜன். 1925இல் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண் இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது பெரியவர்கள் நம்ப மறுத்தார்கள், சில வருடங்கள் கழித்து ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டதும் ஒரு புதிய சிக்கல் முளைத்தது.

கண்ணுக்குத் தெரியும் ஒளித் துகள் ஒன்றின் கையிருப்பு சுமார் 1.6 முதல் 3.1 எலெக்ட்ரான் வோல்ட் வரைதான். சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். அங்கே ஏறக்குறைய எல்லா ஹைட்ரஜன் அணுவிலும் எலெக்ட்ரான் தரைத்தளத்தில்தான் இருக்கும். முதல் மாடிக்கே 10.2 கேட்கும் அணுவிடம் மூன்றோடு வந்து நிற்கும் ஒளியால் ஒன்றும் செய்ய முடியாது. அணு அதை வாங்கிக்கொள்ளாது, கடந்து போகவிடும்.

அப்படியானால் ஹைட்ரஜன் வாயு கண்ணாடி போல ஒளியை விடவேண்டும். நமக்குச் சூரியனின் உள்ளே வெகு ஆழம் வரை தெரியவேண்டும், விளிம்பும் கலங்கலாக இருக்கவேண்டும். நடப்பது வேறு. சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். நாம் காணும் ஒளி கிளம்புவதோ சில நூறு கிலோமீட்டர் தடிமனுள்ள ஒரு மெல்லிய அடுக்கிலிருந்து. அதனால்தான் விளிம்பு வட்டமாக வெட்டி வைத்தது போல இருக்கிறது. (பிள்ளைகள் இதைச் சரிபார்க்கச் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.) அந்த அடுக்கில் ஒளியை மறித்து நிறுத்துவது எது? இரும்பு, கால்சியம் போன்ற உலோக அணுக்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். கணக்கு துண்டு விழுந்தது.

1939இல் ரூபர்ட் வில்ட் என்பவர் ஒரு யோசனை சொன்னார். ஹைட்ரஜன் அணு இன்னொரு எலெக்ட்ரானையும் சேர்த்துக்கொண்டு, எதிர் மின்னேற்றம் கொண்ட அயனியாக மாற முடியும். அந்த இரண்டாவது எலெக்ட்ரானைச் சூரியனில் உள்ள சோடியம், கால்சியம், மக்னீசியம் போன்ற உலோகங்கள் தருகின்றன. ஒளியை மறிப்பது இந்த அயனியாக இருக்கலாம் என்றார். யோசனை நன்றாகத்தான் இருந்தது. அயனி எவ்வளவு ஒளியை, எந்த நிறத்தில் விழுங்கும் என்று எண்ணில் காட்டவேண்டுமே? இரண்டு எலெக்ட்ரான் கணக்காயிற்றே!

உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்

இந்தக் கணக்கைத்தான் சந்திரசேகர் 1944 வாக்கில் கையில் எடுத்தார். ஹைட்ரஜன் அயனியில் இரண்டு எலெக்ட்ரான்களும் ஒரே மாதிரி, ஒரே அளவு மூட்டமாக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அப்படி ஓர் அயனி நிற்கவே முடியாது என்று விடை வரும். எலெக்ட்ரான் ஒன்று உதிர்ந்துபோகும் என்று பொருள். ஆனால் அயனி உண்மையில் நிலைத்து நிற்கிறது. இதை ஹான்ஸ் பெத்தே போன்றவர்கள் 1929இலேயே வேறு வழியில் காட்டியிருந்தார்கள்.

சந்திரசேகர் செய்தது எளிமையான மாற்றம். ஒரு எலெக்ட்ரான் அணுக்கருவுக்கு நெருக்கமாக, ஏறக்குறைய சாதாரண ஹைட்ரஜனில் இருப்பது போலவே இருக்கட்டும். மற்றது வெளியே தள்ளி, நாலு மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் பரந்து கிடக்கட்டும். இன்னது உள்ளே, இன்னது வெளியே என்று அடையாளம் சொல்ல முடியாது என்பதால் இரண்டு வாய்ப்புகளையும் சேர்த்து ஓர் அலைச் சார்பு எழுதினார். இரண்டே அளவுகள் கொண்ட அந்தச் சிறு சார்பிலேயே அயனி நிலைத்து நின்றது. உள்ளே இருக்கும் மூட்டம் கருவின் ஈர்ப்பை முழுவதும் மறைத்துவிடுவதில்லை. மிச்சமிருக்கும் சிறிய ஈர்ப்பில் வெளியே இருப்பவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். சொந்த ஃபிளாட் இல்லாமல் வராந்தாவில் படுத்திருக்கும் விருந்தாளி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த விருந்தாளியை எழுப்ப எவ்வளவு வேண்டும்? சுமார் 0.75 எலெக்ட்ரான் வோல்ட் போதும். 1.6 முதல் 3.1 வரை கையில் வைத்திருக்கும் ஒளிக்கு அது சில்லறைக் காசு. ஆகவே கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறத்தையும் இந்த அயனி தாராளமாக விழுங்கும். சூரியனின் மேற்பரப்பில் பத்துக் கோடி ஹைட்ரஜன் அணுவுக்கு இப்படிப்பட்டவை ஒரு சில மட்டுமே உண்டு. அந்தச் சிலவே ஒளியை மறிக்கப் போதுமானவை.

முன்பு கணக்குப் போட்டவர்கள் ஆற்றல் சரியாக வருகிறதா என்று பார்த்தார்களே தவிர, வெளி எலெக்ட்ரானின் மூட்டம் தூரத்தில் எப்படித் தேய்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. ஒளியை விழுங்குவதில் முக்கியப் பங்கு அந்த வெளி ஓரத்துக்குத்தான் என்று சந்திரசேகர் எடுத்துக்காட்டினார். மொத்தத் தொகை சரியாக இருந்தாலும் இனவாரியாகப் பார்த்தால் தவறு இருக்கும் என்பது ரொக்கப் பிரிவில் உட்கார்ந்த எவருக்கும் புரியும். அவர் முறையை மாற்றி அமைத்தார். கணினி இல்லாத காலத்தில் ஃபிரான்சஸ் பிரீன் என்ற பெண்மணியுடன் சேர்ந்து நீண்ட அட்டவணைகளைப் போட்டு முடித்தார். 1946இல் வெளியான அந்த எண்கள், சூரிய ஒளியில் நிறம் நிறமாக அளந்து வைத்திருந்த அளவுகளோடு ஒத்துப்போயின. புதிர் தீர்ந்தது.

விழுங்கும் அயனிதான் வெளிச்சத்தைக் கொடுப்பதும். அலையும் எலெக்ட்ரான் ஒன்று ஹைட்ரஜன் அணுவோடு ஒட்டிக்கொள்ளும்போது உபரி ஆற்றல் ஒளியாக வெளியே வருகிறது. நாம் காணும் வெயிலில் பெரும்பகுதி அப்படிப் பிறந்தது. தென்னேரி ஏரித் தண்ணீரில் காலையில் மின்னும் வெளிச்சம் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் பயணம் செய்து வந்தது. அது புறப்பட்ட இடம் பெரும்பாலும் இந்த வராந்தா விருந்தாளி அணு.

பேரேட்டை மூடிவிட்டு அடுத்தது

இந்த ஆராய்ச்சிகளை உள்ளடக்கிய காலம் தமக்கு மிகவும் நிறைவு தந்தது என்று பிற்காலத்தில் அவர் கருதினார். அதையும் 1950இல் நூலாக்கி மூடிவைத்தார். பத்துப் பத்து வருடமாக ஒவ்வொரு துறை. பாய்மங்களின் நிலைப்புத்தன்மை பற்றி 1961இல், சுழலும் உருண்டைகள் பற்றி 1969இல், கருந்துளைகள் பற்றி 1983இல் என்று ஒவ்வொன்றும் ஒரு பெரிய நூலில் முடிந்தது. நடுவில் 1952 முதல் 1971 வரை வானியற்பியலின் முன்னணி ஆய்விதழுக்கு ஆசிரியராகவும் உழைத்தார்.

1983இல், அவருடைய 73ஆவது பிறந்தநாளன்று நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. வில்லியம் ஃபவுலருடன் பகிர்ந்துகொண்டார். இளமையில் பரிகாசத்துக்கு ஆளான எல்லைக் கணக்குக்கு அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்த கௌரவம். அதோடு அவர் ஓயவில்லை. எண்பது வயதைத் தாண்டியபின், முந்நூறு வருடம் பழைய நியூட்டனின் நூலை எடுத்து, ஒவ்வொரு தேற்றத்தையும் தானே முதலில் நிறுவிப் பார்த்து, பிறகு நியூட்டனின் வழியோடு ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். அது 1995இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி சிகாகோவில் காலமானார். 1999இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ்ரே தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர் வைத்தார்கள்.

அவர் மூளை நமக்கு வராது, அது வேறு விஷயம். ஆனால் 1928இல் அந்த ஹோட்டலில் நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். படித்தது பழசு என்று கேட்டதும் அவர் புத்தகத்தையும் குறை சொல்லவில்லை, கல்லூரியையும் குறை சொல்லவில்லை. புதிய பாடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினெட்டு வயதில் செய்ததையே எண்பது வயதிலும் செய்தார். பணி ஓய்வு பெற்ற பிறகு புதிதாக என்ன கற்பது என்று நம் பிளாக்கில் மாலை நடையின்போது பேசிக்கொள்கிறோம். மொபைலில் பராமரிப்புக் கட்டணம் செலுத்தக் கற்றுக்கொள்வதற்கே பேரனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். கூப்பிடுவதில் தவறில்லை, அவரும் சோமர்ஃபெல்டைத் தேடித்தானே போனார்! சொல்லிக் கொடுத்த பிறகு நாமே உட்கார்ந்து செய்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

பதினோராம் வகுப்பு, பிளஸ் டூ படிக்கும் நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாடப் புத்தகத்தில் ஹைட்ரஜன் அணு வரும் பக்கத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டுப் புரட்டாதீர்கள். அந்த 13.6 என்ற எண்ணுக்கும் ஜன்னலில் விழும் வெயிலுக்கும் இருக்கும் உறவை ஒரு தரம் நீங்களே தாளில் எழுதிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் என்னிடம் வராதீர்கள், உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கும் வந்து சொல்லுங்கள்.

அடுத்த இதழில் வேறொருவரின் வாழ்க்கையோடு சந்திப்போம்.